லேண்ட்க்ரூசர் 79-இல் டர்போ எஞ்சின் போடலாமா? போடலாம், ஆனால் அந்த ஹாஃப்-கட் வேண்டாம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வருபவர்களுக்கும் புரியும். இந்தக் கேள்வியைக் கேட்ட, மேற்கு ஆஸ்திரேலியாவின் கராத்தாவில் சுரங்க வேலையில் இருக்கும் நண்பரிடம் 2002 மாடல் டொயோட்டா லேண்ட்க்ரூசர் 79 இருக்கிறது. பின்னால் அலுமினியத் தட்டு போட்ட பிக்கப், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) இல்லாத 4.2 லிட்டர் 1எச்இசட் டீசல், ஓடியது 3,80,000 கி.மீ. ஒன்றரை டன் கேம்பர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு பெர்த் வரைக்கும், வடக்கே கரடுமுரடான கிப் ரிவர் ரோடு பக்கமும் போகிறார். மேட்டில் வண்டி மூச்சு வாங்குகிறது, ரோடு டிரெயின் என்னும், பல டிரெய்லர் கோத்த நீள லாரியை முந்த முடியவில்லை. 1,000 கி.மீட்டருக்கு ஒரு லிட்டர் எஞ்சின் ஆயிலும் குறைகிறது. ஒரு கடைக்காரர், ஜப்பானிலிருந்து வந்த ஆட்டோமேட்டிக் 100 சீரிஸ் லேண்ட்க்ரூசரின் வெட்டியெடுத்த முன்பாதியை, அதாவது ஹாஃப்-கட்டைக் காட்டி, அதிலிருக்கும் 1எச்டி-எஃப்டிஇ டர்போ எஞ்சினை ஏற்றித் தருகிறேன் என்கிறாராம். எவ்வளவு பவர் கூடும் என்பதுதான் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் கடைசி வரியில், நண்பரே, “போட்ட பணத்துக்கு நிக்குமா?” என்று ஒன்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

என் தொழில் டீசல் எஞ்சின். ஊரில் லாரிப் பட்டறையில் ஆரம்பித்து, இங்கே வந்தபிறகு சுரங்க வண்டிகளும் பண்ணை வண்டிகளும்தான் கைக்கு வந்தவை. 70 வரிசை லேண்ட்க்ரூசர் (78, 79 எல்லாம் இதில் அடக்கம்) அதில் பெரும்பங்கு. வயரிங்கும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவும் எனக்கு வேலைக்கு வேண்டிய அளவு தெரியும், அதற்கென்று இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அளவுக்குத் தெரியாது. சட்டத்தைப் பற்றிச் சொல்வதும், வண்டி மாற்றத்துக்குச் சான்று கொடுத்துக் கையெழுத்துப் போடும் எஞ்சினியர்களோடு பழகியதால் வந்தது. கடைசி முடிவு அவர்களுடையது.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். உங்கள் 1எச்இசட் 4,164 சிசி, நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், போர் 94 மி.மீ., ஸ்ட்ரோக் 100 மி.மீ. கடை சொல்லும் 1எச்டி-எஃப்டிஇயும் அதே போர், அதே ஸ்ட்ரோக், அதே கொள்ளளவு. இரண்டும் ஒரே குடும்பம். டொயோட்டாவே 2001 முதல் 2007 வரை ஆஸ்திரேலியாவில் 79 பிக்கப்பில் இந்த டர்போ எஞ்சினை வைத்து விற்றது. உங்களுடையது 96 கிலோவாட், 285 நியூட்டன் மீட்டர். கம்பெனி டர்போ போட்ட 79-இல், இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர வைப்பது) இல்லாமல், 122 கிலோவாட், 380 நியூட்டன் மீட்டர். அதே எஞ்சின் 100 சீரிஸில் இன்டர்கூலரோடு 151 கிலோவாட், 430 நியூட்டன் மீட்டர். ஆகவே இழுவை குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கூடும், இன்டர்கூலர் வைத்தால் பாதியளவு கூடும். இது காகிதக் கணக்கு மட்டுமல்ல, டிரெய்லரோடு ஒரு மேட்டில் ஏறினால் காலுக்கே தெரியும். நான்காவது கியருக்கு இறங்கிக் கத்திக்கொண்டு போன இடத்தில் ஐந்தாவதிலேயே போவீர்கள்.

இதைப் படித்ததும் பலருக்கும் வரும் அடுத்த கேள்வி: அப்படியானால் இருக்கும் எஞ்சினிலேயே ஒரு டர்போவை மாட்டிவிடலாமே? மாட்டலாம். இங்கே எத்தனையோ வருடங்களாகக் கடைகள் அதற்கான கிட் விற்கின்றன. பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், 7 அல்லது 8 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல், பம்ப்பில் டீசலை அளவாகக் கூட்டி, டர்போவுக்கு முன்னால் புகை வெப்பமானி ஒன்றும் வைத்து ஓட்டுபவர்களின் 1எச்இசட் பல லட்சம் கிலோமீட்டர் போயிருக்கிறது. ஆனால் அந்த எஞ்சின் டர்போவுக்காகப் பிறந்ததில்லை. டீசல் நேராகப் பிஸ்டன் மேல் பீய்ச்சப்படுவதில்லை, ஹெட்டில் இருக்கும் சின்ன அறைக்குள் எரிந்து அங்கிருந்து வெளியே வருகிறது. கம்ப்ரஷன் விகிதம் 22-க்கும் மேல். பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிர வைக்கும் ஜெட் கிடையாது. டர்போவுக்கென்றே செய்த 1எச்டியில் டீசல் நேரடியாகப் பாய்கிறது, கம்ப்ரஷன் 19-க்குக் கீழே, ஒவ்வொரு பிஸ்டனுக்கும் ஆயில் ஜெட் உண்டு. 42 டிகிரி வெயிலில், எதிர்காற்றில், டிரெய்லரோடு மூன்று மணி நேரம் விடாமல் மிதிக்கும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியும். டர்போ போட்ட 1எச்இசட் ஹெட்டில் விரிசலோடும் பிஸ்டன் தலை உருகியும் பட்டறைக்கு வருவது அப்படிப்பட்ட பயணங்களுக்குப் பிறகுதான். ஊருக்குள் ஓட்டி யாரும் அப்படி உடைத்து நான் பார்த்ததில்லை.

உங்கள் விஷயத்தில் அந்த வழி ஏற்கெனவே மூடிவிட்டது என்று நினைக்கிறேன். ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கும் எஞ்சினில் டர்போ போடக்கூடாது. முதலில் ஒன்று செய்து பாருங்கள், காசு செலவில்லை. எஞ்சின் சூடானதும் ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே துளையின் மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் பரவாயில்லை. தட்டத்தட்டத் துள்ளினாலோ, துளையிலிருந்து நீலப்புகை குழாய் போல வந்தாலோ, பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது என்று ஊர் மெக்கானிக் சொல்வாரே, அதுதான். ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. புகையே இல்லாமல் ஆயில் மட்டும் குறைகிறது என்றால் வால்வு சீலாக இருக்கலாம், வெளியே எங்காவது ஒழுகலாம். அப்போது கதை வேறு. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் இங்கே உட்கார்ந்து நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் விவரிப்பைப் பார்த்தால் எஞ்சின் களைத்துவிட்டது என்பதே என் ஊகம். அப்படியென்றால் அதையே திரும்பச் செய்வதற்கும் டர்போ எஞ்சினுக்கு மாறுவதற்கும் இடையே செலவு வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. மாற்றுவதற்குச் சரியான நேரம் இதுதான்.

சரி, கடைக்காரர் காட்டும் அந்த ஹாஃப்-கட்டுக்கு வருவோம். எஞ்சின் நல்லதாகவே இருக்கலாம், நான் பார்க்கவில்லை. என் தயக்கம் எஞ்சினைப் பற்றியதல்ல, அதைச் சுற்றியிருப்பதைப் பற்றியது. 1எச்டி-எஃப்டிஇ என்பது பழைய காலத்து இயந்திரப் பம்ப் எஞ்சின் அல்ல. புதிய டீசல்களில் வரும் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாய்) வகையும் அல்ல. பம்ப்பைக் கட்டுப்படுத்துவது ஈசியூ. ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டது என்பதை ஒரு சென்சார் ஈசியூவுக்குச் சொல்ல வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியின் ஈசியூ, கியர்பாக்ஸும் தன்னோடு பேசும் என்று எதிர்பார்க்கும். உங்களுடையது மேனுவல். சாவியில் இருக்கும் சிப்பை அடையாளம் கண்டால்தான் ஸ்டார்ட் ஆவேன் என்று அடம்பிடிக்கலாம். அந்தக் காலத்து ஜப்பானிய உள்நாட்டு டீசல் லேண்ட்க்ரூசர்கள் பலவற்றில் ஸ்டார்ட்டர் 24 வோல்ட், உங்கள் வண்டியோ 12. இவை எல்லாவற்றுக்கும் தீர்வு உண்டு. ஆனால் ஒவ்வொரு தீர்வும் ஒரு இணைப்பு, ஒரு ரிலே, ஒரு ஒட்டு. கரடுமுரடான சாலையில் மூன்று நாள் அதிர்ந்த பிறகு கழன்று நிற்பது பிஸ்டனாக இருக்காது, அந்த ஒட்டுகளில் ஒன்றாகத்தான் இருக்கும். வடக்கே ஃபிட்ஸ்ராய் கிராசிங் மாதிரி ஒரு ஒதுக்குப்புற ஊரைத் தாண்டி வண்டி நின்றால் ஈசியூ வயரிங் பார்க்க ஆள் எங்கே கிடைப்பார்?

அதனால் என் யோசனை, விபத்தில் அடிபட்ட 79 அல்லது 78, அதுவும் மேனுவல், கம்பெனியிலேயே டர்போ எஞ்சினோடு வந்தது ஒன்றைத் தேடுங்கள். எஞ்சின் மட்டும் போதாது. முழு வயரிங், ஈசியூ, மிதி, சென்சார்கள், டர்போவுக்குப் போகும் குழாய்கள், ரேடியேட்டர், கிளட்ச், முடிந்தால் கியர்பாக்ஸும் சேர்த்து வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும், அவசரத்தில் கிடைக்காது. ஆனால் எல்லாம் ஏற்கெனவே ஒரே மாதிரி சேஸியில் உட்கார்ந்திருந்தவை. கடையில் கூலி மணிநேரம் எப்படி ஓடும் என்று தெரிந்தவர்கள் இந்தக் கூடுதல் விலையைப் பார்த்துப் பதறமாட்டார்கள். இது மாதிரி வேலைகளில் எஞ்சின் விலை மொத்தச் செலவில் பாதிக்குக் கீழேதான் வந்து நிற்கும்.

கியர்பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம். 70 வரிசையில் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் ஏற்ப ஆர்151எஃப், எச்151எஃப் என்று இரண்டு ஐந்து கியர் பெட்டிகள் வந்தன. எச் வகை பெரியது, கனமானது, டர்போ எஞ்சினின் இழுவைக்குப் பழகியது. ஆர் வகை கெட்டதில்லை, ஆனால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஐந்தாவது கியரிலேயே பூஸ்டை வைத்து மேடு ஏறினால் அதற்கு வயது குறையும். உங்கள் வண்டியில் எது என்று பானெட்டைத் திறந்தால் இருக்கும் அடையாளத் தகட்டில் எழுதியிருக்கும். ஆர் வகை என்றால், இழுக்கும்போது நான்காவதில் ஓட்டும் பழக்கம் வர வேண்டும், அல்லது பெட்டியையும் மாற்ற வேண்டும். கிளட்ச் எப்படியும் புதிது. பின் ஆக்சிலைப் பற்றிக் கவலை வேண்டாம், 79-இன் பின் ஆக்சில் இந்த எஞ்சினுக்குத் தாங்கும்.

வாங்கும் எஞ்சினை நேராக வண்டியில் ஏற்றச் சொல்லாதீர்கள். ஸ்டாண்டில் இருக்கும்போதே சம்ப்பை (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றி பிக்-எண்ட் பேரிங்குகளை (கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் இருப்பவை) பாருங்கள், பார்த்த கையோடு புதிதாகவே போட்டுவிடுங்கள். இந்தக் குடும்பத்தின் முதல் டர்போவான 1எச்டி-டி, 1990-களின் ஆரம்பத்தில் 80 சீரிஸ் லேண்ட்க்ரூசரில் வந்தது. அதற்கு பிக்-எண்ட் பேரிங் சீக்கிரம் தேயும் என்ற கெட்ட பெயர் உண்டு, நியாயமான பெயர்தான். பின்னால் வந்தவற்றில் அந்தத் தொல்லை குறைந்தது. ஆனாலும் யார் எப்படி ஓட்டினார்களோ தெரியாத எஞ்சின், பேரிங் செட் விலையோ சொற்பம். டைமிங் பெல்ட், அதன் ஐட்லர், வாட்டர் பம்ப், பின் சீல் எல்லாம் அதே நேரத்தில். டர்போவின் சக்கரத்தை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆயில் படலத்தில் மிதக்கும் தண்டு என்பதால் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், அது இயல்பு. இறக்கை ஓட்டில் உரசினால் டர்போ போய்விட்டது. அப்புறம் இன்னொன்று, உங்கள் பழைய எஞ்சினை வேலை முடியும் முன் விற்றுவிடாதீர்கள். எஞ்சின் 80 அல்லது 100 சீரிஸிலிருந்து வந்தால் சம்ப், ஆயில் உறிஞ்சும் குழாய், மவுண்டிங் பிராக்கெட் இவை பெரும்பாலும் உங்கள் 1எச்இசட்டிலிருந்துதான் மாற வேண்டியிருக்கும்.

காற்றுப் பாதைதான் நான் அதிகம் வற்புறுத்துவது, பலரும் அதிகம் அலட்சியப்படுத்துவதும் அதையே. உங்கள் ஊர் செம்மண் தூசி மாவு மாதிரி இருக்கும். டர்போ எஞ்சின் அதிகக் காற்றை, அதிக வேகத்தில் உறிஞ்சும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே ஒரு ஹோஸ் கிளிப் கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும், ஃபில்டரைத் தாண்டி வரும் அந்தத் தூசி முதலில் டர்போவின் இறக்கையை அரிக்கும், பிறகு போரைத் தீட்டும். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் இந்தக் குழாய்கள் வெவ்வேறு அளவில் ஒட்டுப்போட்டு வரும், ஆபத்து அங்கேதான். வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள்: ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயின் உட்சுவரில் சுத்தமான வெள்ளை கிரீஸை மெல்லப் பூசி, மண் ரோட்டில் ஒரு நாள் ஓட்டிவிட்டு, கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று ஒன்று பட்டாலும் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. கண்டுபிடிக்காமல் நீண்ட பயணம் கிளம்பாதீர்கள். கூரை உயரத்திலிருந்து காற்றெடுக்கும் பழைய ஸ்நார்கெல் குழாய் போதுமா என்பதை அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

இன்டர்கூலர் வையுங்கள், ஆனால் பவருக்காக மட்டும் அல்ல. உள்ளே போகும் காற்று குளிர்ந்தால் எரிந்த புகையின் சூடும் குறையும். பானெட்டின் மேல் துளை போட்டு எஞ்சின் மேல் வைப்பது குழாய் குறைவு, வேலை சுலபம். முன்னால் ரேடியேட்டருக்கு எதிரே வைத்தால் நன்றாகக் குளிரும், ஆனால் ரேடியேட்டருக்கு வரும் காற்றில் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். மெதுவாக மணலில் ஏறும்போது காற்றே இருக்காது, விசிறிதான் எல்லாம், ஆகவே விசிறியின் கிளட்ச் புதிதாக இருக்கட்டும். புகை வெப்பமானி கட்டாயம். டர்போவுக்கு முன்னால் வைத்த மானியில் தொடர்ந்து 650 டிகிரியைத் தாண்டாமல் ஓட்டுவது என் வழக்கம். இதைவிடக் கூடுதலாக விட்டும் ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். எல்லை எங்கே என்பதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து மாறும். எரிபொருள் மிச்சம் பற்றியும் அப்படித்தான். ஒரே வேகத்தில், ஒரே சுமையில் ஓட்டினால் கொஞ்சம் மிச்சம் வரலாம். ஆனால் பவர் வந்தபிறகு யாரும் அதே வேகத்தில் ஓட்டுவதில்லை. கடைக்காரர் 200 கிலோவாட் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டீசலையும் பூஸ்டையும் ஏற்றினால் பவரை அளக்கும் டைனோ மேடையில் அப்படி ஒரு எண் வரலாம், வராது என்று சொல்லமாட்டேன். அதே எண்ணோடு கிப் ரிவர் ரோட்டில் டிரெய்லர் இழுக்க நான் துணியமாட்டேன்.

இன்னும் காகித வேலை இருக்கிறது. ஆஸ்திரேலியா முழுக்க இதற்கு அடிப்படை விஎஸ்பி 14 என்ற தேசிய நடைமுறைக் கோவை, அதில் எஞ்சினுக்கென்று தனிப் பகுதியே உண்டு. ஆனால் அமல்படுத்துவது மாநிலங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் வேலையைத் தொடங்கும் முன்பே போக்குவரத்துத் துறையிடம் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். செய்துவிட்டுப் போய் நிற்பது தலைகீழான வழி. அந்த மாடலில் தயாரிப்பாளரே கொடுத்த எஞ்சின் என்பது உங்களுக்குப் பெரிய சாதகம். உங்கள் வண்டி தயாரான காலத்து மாசு விதிகளைப் புதிதாகப் போடும் எஞ்சினும் நிறைவு செய்ய வேண்டும். இதனால்தான் 1990-களின் 1எச்டி-எஃப்டி எஞ்சினைத் தேட நான் சொல்லவில்லை. ஈசியூ இல்லாதது, வயரிங் தொல்லை இல்லை, எனக்கு மிகவும் பிடித்த எஞ்சின். ஆனால் 2002 வண்டிக்கு அது வயதில் மூத்தது, எஞ்சினியர் மறுக்க வாய்ப்புண்டு. காசு கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். இழுக்கக்கூடிய எடை எஞ்சின் மாற்றியதால் தானாகக் கூடாது, தகட்டில் இருப்பதுதான் கணக்கு.

கம்மின்ஸ் கம்பெனியின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் போடலாமா என்றும் கீழே பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். அது மட்டுமே அரை டன் எடை. முன் ஸ்பிரிங், ஸ்டீயரிங், பிரேக் எல்லாவற்றையும் தொட வேண்டும். பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்குச் சரி, வேலைக்குப் போகும் வண்டிக்கு வேண்டாம். இருக்கும் வண்டியை விற்று 2007-க்குப் பிறகு வந்த 4.5 லிட்டர் வி8 79 வாங்கலாமே என்பது அதைவிட நியாயமான கேள்வி. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், இன்டர்கூலர், சான்றிதழ், கூலி எல்லாம் கூட்டிய தொகையை உங்கள் வண்டி விலையோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அது வி8 விலைக்குப் பக்கத்தில் வந்தால் நான் வி8 பக்கம் சாய்வேன். உங்கள் சேஸியில் துரு இல்லை, தட்டும் பெட்டிகளும் உங்கள் வேலைக்கேற்பச் செய்தவை என்றால் எஞ்சின் மாற்றம்.

அந்த மூடிச் சோதனையைச் செய்துவிட்டு, கம்ப்ரஷன் டெஸ்டில் ஆறு சிலிண்டருக்கும் வந்த எண்களையும் தகட்டில் இருக்கும் கியர்பாக்ஸ் குறியீட்டையும் இங்கேயே போடுங்கள். கிளட்ச்சும் பெட்டியும் மாற்ற வேண்டுமா என்பதை அதைப் பார்த்தபிறகு இன்னும் திட்டமாகச் சொல்கிறேன். அதுவரை ஹாஃப்-கட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.